எட்டரை மணி வகுப்பும் உத்திரமேரூர்க் கல்வெட்டும்

ஆறு நிமிடம். இணையவழிக் கல்வி பற்றிப் பேசும் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் இந்தக் கணக்கைச் சொல்லாமல் விடுவதில்லை. "ஆறு நிமிஷத்துக்கு மேல பசங்க பார்க்க மாட்டாங்க மேடம், வீடியோவைத் துண்டு துண்டா வெட்டிடுங்க" என்பார்கள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். வரலாறும் இலக்கியமும் தத்துவமும் நடத்துகிற நாங்கள் வீட்டுக்குப் போய், களப்பிரரை ஒரு துண்டாகவும் பல்லவரை இன்னொரு துண்டாகவும் வெட்டிக்கொண்டிருப்போம்.

அந்த ஆறு நிமிடம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் தேடிப் பார்த்தேன். 2014 இல் வெளிவந்த ஓர் ஆய்வு. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 2012 இல் நடந்த நான்கு பாடங்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் வீடியோக்களை மாணவர்கள் பார்த்த 69 லட்சம் தடவைகளை அலசியிருக்கிறார்கள். பெரிய வேலைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நான்கு பாடங்கள் என்னென்ன? கணினி நிரலாக்கம், செயற்கை நுண்ணறிவு, திடநிலை வேதியியல், பொதுச் சுகாதாரத்துக்கான புள்ளியியல். வரலாறு ஒன்றுகூட இல்லை. கவிதை இல்லை. தத்துவம் இல்லை. நிரல் எழுதுவதை ஆறு நிமிடம் காட்டிவிட்டு "இப்போது நீ செய்து பார்" என்று விட்டுவிடலாம், அங்கே அது பொருந்துகிறது. அதை அப்படியே தூக்கி வந்து எங்கள் பாடத்தின் தலையில் வைத்தது யார் யோசனையோ!

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. லட்சக்கணக்கில் செலவழித்து ஸ்டுடியோவில் எடுத்த வீடியோவைவிட, ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து நேரே பேசுகிற சாதாரண வீடியோ மாணவர்களை அதிகம் பிடித்து வைக்கலாம் என்பது. இதைக் கூட்டங்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஸ்டுடியோ கட்டியாகிவிட்டதல்லவா, அப்புறம் எப்படிச் சொல்வார்கள்?

திருச்சியில் இருந்துகொண்டு இணையவழி பி.ஏ. வரலாறு நடத்துகிறேன். வகுப்பு இரவு எட்டரைக்கு. என் மாணவர்களில் பாதிப் பேர் டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்கள். ஒரு டிகிரி வேண்டும், குரூப் டூ எழுத வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. மீதிப் பேரில் எல்லா வகையும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்போடு கல்யாணமாகிப் போய், பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு சேர்ந்த அம்மாக்கள். இரவுப் பணிக்கு நடுவே காதில் இயர்போனோடு நுழையும் ஒரு செவிலியர். குவைத்தில் வண்டி ஓட்டும் ஒருவர், அங்கே அப்போது மாலை ஆறு மணி. ஒரு கிராம நிர்வாக அலுவலர். ஊராட்சி வார்டு உறுப்பினராக இருக்கும் ஒரு பெண்மணி, எல்லோருக்கும் அவர் அக்கா.

இவர்கள் யாருக்கும் கவனம் குறைவு கிடையாது. சீரியல் முழுவதும் பார்க்கிறார்கள், மூன்று மணி நேரப் படம் பார்க்கிறார்கள், பட்டா மாறுதலுக்காகத் தாலுகா ஆபீசில் நாள் முழுக்க உட்காருகிறார்கள். பாடத்தில் தனக்கு ஒரு வேலையும் இல்லை என்று தெரிந்த நிமிடத்தில்தான் எழுந்து போகிறார்கள். வேலை என்றால் குறிப்பெடுப்பதைச் சொல்லவில்லை. நாம் ஏதாவது சொன்னால் அதனால் வகுப்பில் ஏதாவது மாறுமா என்ற அந்த ஒன்றைச் சொல்கிறேன். வரலாற்று வகுப்பில் இந்த வேலையைக் கொடுக்க எனக்குக் கிடைத்த சிறந்த கருவி இரண்டு பக்க மூல ஆவணம்.

உத்திரமேரூரைச் சொல்கிறேன்.

"குடவோலை முறையைக் கூறும் கல்வெட்டு எது?" என்பது நம் ஊரில் ஒரு மார்க் கேள்வி. குடத்தில் ஓலைச் சீட்டுப் போட்டு எடுத்து ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுப்பதுதான் குடவோலை. உத்திரமேரூர். முதலாம் பராந்தகன். முடிந்தது. என் மாணவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். "சோழர் காலத்திலேயே மக்களாட்சி தழைத்தது" என்ற வரியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். இதையே நான் வீடியோவில் இன்னொரு முறை சொன்னால் யார் கேட்பார்கள்?

வீடியோவில் சொல்வதை விட்டேன். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் இருக்கும் இரண்டு கல்வெட்டுகளின் வாசகத்தை எளிய தமிழில் தட்டச்சுச் செய்து, வாட்ஸ்அப்பில் முதல் நாளே அனுப்பினேன். ஒன்று 919 ஆம் ஆண்டுடையது, மற்றொன்று 921. வகுப்பில் ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், மற்றவர்கள் நிறுத்தச் சொல்லலாம். கேள்வி ஒன்றே ஒன்று: "இந்த விதிப்படி உங்கள் வீட்டில் யார் தேர்தலில் நிற்க முடியும்?"

முதலில் சிரிப்பு. அப்புறம் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் உடனே மைக்கைத் திறந்தார். "மேடம், தஞ்சாவூர்ப் பக்கம் இன்னைக்குக் கணக்குல வேலின்னா ஆறரை ஏக்கர் சொச்சம். கால் வேலின்னா ஒன்றரை ஏக்கருக்கு மேல. எங்க கிராமத்துல இன்னைக்கே பாதிப் பேர் அவுட்." சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வாடகை வீட்டுக்காரர்கள் அவுட். வயது 35 முதல் 70 வரை. இளைஞர்கள் அவுட். வேதத்தில் மந்திரமும், பிராமணம் என்ற விளக்கப் பகுதியும் அறிந்திருக்க வேண்டும். அங்கே வகுப்பு மொத்தமும் அவுட். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும், அதாவது உரையும், ஓதத் தெரிந்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஒரு சலுகை வரும். "சலுகையே இப்படியா?" என்று ஒருவர் சாட்டில் எழுதினார். பெண்களைப் பற்றி ஒரு வரியும் இல்லாததை யாரும் சொல்லுமுன் வார்டு உறுப்பினர் அக்கா, "நான் இதுல எங்கயும் வரலியேப்பா" என்றார்.

உத்திரமேரூர் ஒரு பிரமதேய ஊர், பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம், அங்கே கூடியது அவர்களுடைய சபை என்பதை அதற்குப் பிறகுதான் நான் விளக்கினேன். முன்னாலேயே சொல்லியிருந்தால் அது இன்னொரு ஒரு மார்க் குறிப்பாகப் போயிருக்கும். இப்போது அவர்களே முட்டிக்கொண்டு நின்ற இடத்துக்கு விடையாக வந்தது.

அதைவிட நல்ல இடம் இனிமேல்தான். 919 இல் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டே ஆண்டில் அது 35 முதல் 70 ஆகிறது. இதைக் கண்டுபிடித்தது செவிலியர். "ஏன் மேடம் மாத்தினாங்க?" இரண்டாவது கல்வெட்டில் இன்னொன்றும் விரிவாக வருகிறது. வாரியத்தில், அதாவது ஊர் வேலைகளைப் பார்க்கும் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது. அவர் மட்டுமில்லை, அவருடைய சின்னம்மா பெரியம்மா மகன்கள், அத்தை மகன், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், அப்பா, பிள்ளை என்று ஒரு உறவுப் பட்டியலே ஓடுகிறது. படித்துக்கொண்டிருந்தவர் மூச்சு வாங்கினார். அக்கா மைக்கைத் திறந்து, "அந்த ரெண்டு வருஷத்துல அங்க என்னமோ நடந்திருக்கு. எவனோ சுருட்டியிருக்கான், அவன் மச்சானை நிக்க வச்சிருக்கான். இல்லன்னா இவ்வளவு தெளிவா எழுத மாட்டாங்க" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. "அதற்கு ஆதாரம் இருக்கிறதா, நம் ஊகமா?" என்று மட்டும் கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. விதி வந்தது என்றால் குற்றம் நடந்தது என்றுதான் பொருள் என்பது ஒரு கட்சி. முன்னெச்சரிக்கையாகவும் எழுதலாமே, இன்றைய அரசாணைகளில் நடக்காததற்கும் சேர்த்துத்தானே விதி போடுகிறோம் என்பது அலுவலரின் கட்சி. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று எந்த வாரியத்தின் கையில் என்ன இருந்தது, எங்கே பணம் புழங்கியிருக்கும் என்று பேச்சுப் போனது. ஒன்பதரைக்கு முடிய வேண்டிய வகுப்பு முடியவில்லை. குவைத்காரர் சவாரி வந்துவிட்டது என்று வருத்தத்தோடு கிளம்பினார்.

ஒரு சட்டத்தைப் படித்து, அதற்குப் பின்னால் இருந்த சமூகத்தை ஊகித்து, அந்த ஊகத்துக்கு எவ்வளவு பலம் என்று எடை போடுவது. வரலாற்றாய்வாளர் செய்கிற வேலையே இதுதான். இதை என் மாணவர்கள் ஃபோனில், அடுப்படியில் நின்றுகொண்டு செய்தார்கள். அந்த ஒரு மார்க் கேள்வியும் அவர்களுக்கு மறக்கப் போவதில்லை, அது தனி லாபம்.

இப்படி நடத்தலாம் என்ற தைரியம் எனக்கு வெளியிலிருந்துதான் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல் ஃபில்ரைஸ் 2012 இலிருந்து கோர்சரா என்ற இணையப் பாடத் தளத்தில் நவீன அமெரிக்கக் கவிதை நடத்துகிறார். சுருக்கமாக மாட்போ என்பார்கள். உலகம் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள் சேரும் பாடம். அதன் வீடியோக்களில் பேராசிரியர் கேமராவைப் பார்த்து விரிவுரை ஆற்றுவது கிடையாது. ஒரு மேசையைச் சுற்றி அவரும் இளம் உதவியாளர்களும் உட்கார்ந்து, ஒரு கவிதையை வரி வரியாகப் பிரித்துப் பேசுகிறார்கள். ஒருவர் தடுமாறுகிறார், இன்னொருவர் மறுக்கிறார், எமிலி டிக்கின்சனின் ஒரு சொல்லில் வெகுநேரம் நிற்கிறார்கள். பார்க்கிற நமக்கு அந்த மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதாகத் தோன்றும். நானும் ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, திரையில் இருப்பவருக்குக் கேட்காதே என்று நிறுத்தியிருக்கிறேன். கேமரா, வெளிச்சம் எல்லாம் சுமார்தான். ஆறு நிமிடக் கணக்கும் அங்கே கிடையாது.

மற்றொரு பக்கமும் இருக்கிறது. 2013 இல் ஹார்வர்டின் மைக்கேல் சாண்டல் நடத்திய நீதி பற்றிய புகழ்பெற்ற பாடத்தின் வீடியோக்களைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்துவதற்கு சான் ஹொசே மாநிலப் பல்கலைக்கழகத் தத்துவத் துறையினர் மறுத்து, சாண்டலுக்கே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். சாண்டல் தன் மாணவர்களைக் கேள்வி கேட்டு விவாதிக்க வைப்பதில் மன்னன். ஆனால் வீடியோவில் நாம் பார்ப்பது ஹார்வர்ட் மாணவர்கள் விவாதிப்பதை. நம் மாணவர் அதற்குப் பார்வையாளர், அவ்வளவுதான். ஃபில்ரைஸின் பாடமும் அங்கேயே நின்றிருந்தால் இதே கதிதான். அவர்கள் வீடியோவோடு நிறுத்தாமல், விவாதக் களத்தில் எழுதுகிறவர்களுக்கு உட்கார்ந்து பதில் எழுதுகிறார்கள், வாரந்தோறும் நேரலையில் வந்து கேள்வி வாங்குகிறார்கள்.

பதில். என் அனுபவத்தில் எல்லாம் இங்கேதான் நிற்கிறது.

நம் பாடத் தளங்களில் எல்லாம் விவாதப் பகுதி என்று ஒன்று இருக்கும். மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயம் 2017 இல் தொடங்கியபோதே பாடத்தின் நான்கு அங்கங்களில் ஒன்றாக அதை வைத்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல இடங்களில் அது எப்படி நடக்கிறது? ஆளுக்கு ஒரு பதிவு, இரண்டு மறுமொழி, அதற்கு இத்தனை இன்டர்னல் மார்க். விளைவு: "அருமையான கருத்து நண்பரே", "நன்றி சகோ", "நானும் இதையே நினைத்தேன்". விக்கிப்பீடியாவில் வெட்டியது ஒன்று, அதற்குக் கீழே இரண்டு வாழ்த்து. யாரும் யாரையும் படிக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், மார்க் போடுகிற எங்களுக்கும் தெரியும்.

நான் மறுமொழிக்கு மார்க் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு வகுப்பையும் முந்தைய வாரம் யாராவது எழுதிய ஒரு வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன். அவர் பெயரைச் சொல்லி, அந்த வாக்கியத்தைத் திரையில் போட்டு, "இவர் இப்படிச் சொல்கிறார், எனக்கு இந்த இடத்தில் சந்தேகம்" என்பேன். புகழ்வதற்கு என்று எடுப்பதில்லை, பேச விஷயம் இருந்தால் எடுப்பேன். அடுத்த வாரத்திலிருந்து எழுத்தின் தரம் மாறுகிறது. தன் வாக்கியம் எடுக்கப்படலாம் என்றால் மனிதர்கள் இரண்டு தடவை படித்துவிட்டு அனுப்புகிறார்கள். எழுதத் தயங்குகிறவர்கள் குரல் பதிவாக அனுப்பலாம். நானும் பெரும்பாலும் குரலில்தான் பதில் சொல்கிறேன், ஒரு நிமிடத்துக்குள். "உங்கள் மூன்றாவது வரி எனக்குப் பிடித்தது, ஆனால் அதற்கும் நான்காவது வரிக்கும் நடுவில் ஒன்றைத் தாண்டிவிட்டீர்கள்" என்கிற அளவில். பிடிஎஃப் ஓரத்தில் சிவப்பில் எழுதி அனுப்பினால் திறந்துகூடப் பார்க்காதவர்கள், இதைக் கேட்டுவிட்டுத் திரும்பக் கேள்வி கேட்கிறார்கள்.

இது புதிதும் இல்லை. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது, அவர்களுடைய முதல் பாடங்களில் ஒன்று வரலாறு, இலக்கியம், தத்துவம் போன்ற கலைத் துறைகளுக்கான அடிப்படைப் பாடம். இன்று அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாம் பிபிசியில் வந்த நிகழ்ச்சிகளையே சொல்கிறார்கள். படம் வரும், போகும். மாணவரைக் கட்டி வைத்தது வட்டார ஆசிரியர் ஒருவர் கட்டுரையைத் திருத்தி, ஓரத்தில் எழுதித் தபாலில் அனுப்பியதும், கோடையில் ஒரு வாரம் நேரில் கூடியதும்தான். நம் ஊரில் அஞ்சல்வழிக் கல்வியில் படித்த என் சித்தப்பாவும் சனி ஞாயிறு தொடர்பு வகுப்புகளைப் பற்றித்தான் இன்றும் பேசுவார், வீட்டுக்கு வந்த பாடப் புத்தகக் கட்டைப் பற்றிப் பேச மாட்டார்.

சரி, மூல ஆவணம் கல்வெட்டாகத்தான் இருக்க வேண்டுமா? நவீனத் தமிழக வரலாற்றுத் தாளுக்கு நான் கொடுத்த அசைன்மென்ட் இது: வீட்டிலோ தெருவிலோ மூத்தவர் ஒருவரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தில் மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று கேட்டு, மூன்று நிமிடம் பதிவு செய்து அனுப்ப வேண்டும்.

வந்த பதிவுகளைக் கேட்டு எனக்கே வேறு வேலை ஓடவில்லை. அறுபதுகளில் படித்தவர்கள் கோதுமை ரவை உப்புமாவையும் மக்காச்சோள மாவையும் பால் பவுடரையும் சொன்னார்கள். அமெரிக்க கேர் அமைப்பு அனுப்பிய சரக்கு என்பது அவர்களில் பலருக்கு இன்றுவரை தெரியாது. ஒரு தாத்தா பால் பவுடரை அப்படியே வாயில் போட்டு அது அண்ணத்தில் ஒட்டிக்கொண்டதை நடித்தே காட்டினார். ஒரு மாணவியின் அம்மா சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளராக இருந்தவர். அரிசி அளப்பதிலிருந்து விறகு ஈரமாக இருந்தால் என்ன ஆகும் என்பது வரை, எந்தப் புத்தகத்திலும் இல்லாததைச் சொன்னார்.

இவற்றை எல்லாம் காலவரிசையில் அடுக்கியபோது இடித்தது. ஒரு மாணவரின் அம்மா, 1983 இல் ஆறாம் வகுப்பு படித்தபோது சத்துணவு சாப்பிட்டதாகச் சொல்கிறார். ஆனால் எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று எங்கள் திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் தொடங்கிய திட்டம் முதலில் கிராமப்புறச் சின்னக் குழந்தைகளுக்குத்தான். அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கு வந்தது. பத்து வயதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு 1984 செப்டம்பரில்தான் விரிந்தது. அப்படியானால் அம்மா சொல்வது தப்பா, ஆண்டு தப்பா, வகுப்பு தப்பா? மாணவருக்கு லேசாகக் கோபம். "எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க மேடம்." பொய் என்று யாரும் சொல்லவில்லையே, நினைவும் ஆவணமும் மோதினால் இரண்டையும் திரும்பக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அம்மாவிடம் மறுபடி கேட்டுவிட்டு வந்தார். தம்பி இரண்டாம் வகுப்பு. பக்கத்துப் பள்ளி. மத்தியானம் தம்பியைப் பார்க்கிற சாக்கில் போய், அவன் தட்டிலேயே சேர்ந்து சாப்பிட்டிருக்கிறார். ஆயாம்மா கண்டும் காணாமல் விட்டுவிட்டார்.

அரசாணையும் சரி, அம்மாவும் சரி. ஒரு திட்டம் காகிதத்தில் எப்படி இருந்தது, தரையில் எப்படி நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் எந்தப் பவர்பாயின்டில் காட்ட முடியும்? அன்றைக்கு வகுப்பே அந்த மாணவருடையது, என்னுடையது இல்லை. அதற்கு அடுத்த வாரம் முட்டையில் சண்டை வந்தது. 82 லேயே முட்டை போட்டார்கள் என்று இரண்டு பேர் சாதித்தார்கள். முட்டை வந்தது 1989 இல். அது தனிக் கதை.

எல்லாப் பதிவும் இப்படிச் சிரிக்க வைக்கவில்லை. ஒரு பாட்டி, தன்னைக் கடைசியில் தள்ளி உட்கார வைத்ததையும், தட்டை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னதையும், மற்றவர்களுக்குப் பிறகு ஊற்றியதையும் எந்த உணர்ச்சியும் காட்டாமல் சொல்லிக்கொண்டு போகிறார். பேத்தி அதை எனக்குத் தனியாக அனுப்பி, வகுப்பில் போட வேண்டாம் என்றார். போடவில்லை. எதை எல்லோருக்கும் போடலாம், எதை எனக்கு மட்டும் என்பதைப் பேசியவரும் மாணவரும் முடிவு செய்யட்டும் என்று அன்றிலிருந்து அசைன்மென்ட் தாளின் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை. சாட்ஜிபிடி வந்த பிறகு கட்டுரைகள் ஒரே மாதிரி வழவழவென்று வர ஆரம்பித்தன, உண்மைதான். "முன்னோடியான மக்களாட்சி முறைக்கு உத்திரமேரூர் ஒரு ஒளிரும் சான்றாகத் திகழ்கிறது" என்ற வகை. கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. தம்பி தட்டில் சாப்பிட்ட அம்மாவைச் சாட்ஜிபிடியால் பேட்டி எடுக்க முடியாது. கால் வேலிக் கணக்கில் உன் வீட்டில் யார் தேறுவார் என்று அதற்குத் தெரியாது. கேள்வியை அப்படி வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. மீதிப் பாதி தீரவில்லை, அதை மறைத்து என்ன பயன்?

கேமராவைத் திறக்கச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை. ஒரே அறை வீட்டில் பின்னால் மாமியார் படுத்திருப்பார், குழந்தை தூங்கும். முகம் தெரிந்தால்தான் ஈடுபாடு என்பது மேலதிகாரிகளின் நம்பிக்கை. சாட்டில் எழுதுகிறவர்கள்தான் பல நேரம் நன்றாக யோசிக்கிறார்கள். அதை நான் வாய்விட்டு வாசித்து, பெயர் சொல்லி, பதில் கேட்கிறேன். வர முடியாதவர்களுக்கு வகுப்பின் ஒலிப்பதிவு மட்டும் போகும். பேருந்தில் கேட்கலாம், டேட்டாவும் அதிகம் ஆகாது. பேட்ஜ், லீடர்போர்டு போன்ற விளையாட்டுச் சாமான்களை ஒருமுறை பார்த்தேன். நாற்பது வயது வார்டு உறுப்பினருக்கு நட்சத்திரம் ஒட்டுவதில் எனக்குக் கூச்சமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

இதற்கெல்லாம் ஆகும் உண்மையான செலவு, படிக்கும் நேரம். முப்பது பேர் எழுதியதைப் படித்து, முப்பது பேருக்கும் பதில் சொல்லலாம். முந்நூறு பேருக்கு ஒரே ஆசிரியர் என்றால் இதில் எதுவும் நடக்காது, சரியான விடையைத் தேர்ந்தெடு என்ற வினாத்தாள்தான் மிஞ்சும். மத்திய அரசின் விதிப்படி இன்று ஒரு மாணவர் தன் படிப்பில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகவே முடிக்கலாம். 2021 க்கு முன்பு அது 20 சதவீதம். கதவு அகலமாகத் திறந்துவிட்டது. உள்ளே வருகிறவர்கள் எழுதுவதைப் படிக்க யாரை நியமித்திருக்கிறோம்? ஒரு ஸ்டுடியோவுக்குப் போடும் குளிர்சாதன வசதி, விளக்கு, பச்சைத் திரைச் செலவில், முதுகலை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் எத்தனையோ இளைஞர்களுக்கு, கட்டுரை படித்துப் பதில் சொல்லும் வேலையை ஓராண்டு கொடுக்கலாம். எழுதிக் கேட்டிருக்கிறேன். கோப்பு நகர்கிறது என்றார்கள்.

அடுத்த செமஸ்டருக்கு ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பிலிருந்து இரண்டு பகுதிகளை எடுத்து வைத்திருக்கிறேன். பிரெஞ்சுப் புதுச்சேரியில் ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்தவர், 1736 இல் தொடங்கி சாகும்வரை எழுதினார். ஒரு பகுதி, 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த சமயத்தில் துய்ப்ளேக்ஸுக்கும் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனேவுக்கும் நடந்த தகராறு. பிடித்த ஊரைப் பணம் வாங்கிக்கொண்டு ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று. மற்றது, 1748 இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது பற்றியது. இரண்டாவதைப் போட்டால் வகுப்பு தீப்பிடிக்கும், ஈடுபாட்டுக்குக் குறையே இருக்காது. ஆனால் முன்பின் பழகாத முப்பது பேர் முகம் தெரியாமல் மதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அடுத்த நாள் காலை அது எந்தெந்த வாட்ஸ்அப் குழுவில் எப்படி வெட்டி ஒட்டப்பட்டு நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் சென்னைச் சண்டை முதல் மாதம். அதில் யார் எப்படிப் பேசுகிறார், யார் மறுப்பைத் தாங்குகிறார் என்று பார்த்துக்கொண்டு, கோயிலைக் கடைசி மாதத்துக்கு வைத்திருக்கிறேன். துபாஷ் வேலையில் இருந்துகொண்டு அதைப் பார்த்த மனிதர் எதை எழுதினார், எதை எழுதாமல் விட்டிருப்பார் என்பதுதான் கேள்வி. அந்தப் பகுதியைப் பேச்சுத் தமிழுக்கு நெருக்கமாக மாற்றி எழுத வேண்டும், இன்னும் பாதி பாக்கி.